ஏழாம் கட்டம்: வழக்கமாக உறங்குபவர்கள்

முசோம்போ,
11 பிப்ரவரி 2008

பாஷி லுபுதோவுக்கு,

கடந்த வியாழக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, இனி இந்த ஊரில் எவரும் எவருக்கும் தாயும் அல்ல, தந்தையும் அல்ல என்று நம் தண்ணீர் அலுவலகம் தீர்மானித்தது. ஆதரவாக ஆறு கைகள், எதிராக ஐந்து. கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. இரண்டு பெட்டி ஃபாண்டாவும் ஆளுக்கொரு கோழித் துண்டும் தீர்ந்தன. எதிர்த்த ஐவரும் கோழியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் எதிர்த்தார்கள்.

செய்தியின் கனத்தில் நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். நான் நலம். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? ஈரமான இடத்தில் படுக்காதீர்கள்.

விஷயம் இதுதான். ஊரிலுள்ள குழாய், வால்வு, மீட்டர், வீடு எல்லாவற்றையும் கணினி வரைபடத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? கணக்கெடுப்புக்குப் போனவர்கள் ஒவ்வொரு வாசலிலும் "இது யார் வீடு?" என்று கேட்டார்கள். நம் ஜனங்கள் வழக்கம்போல, தாய்க்குப் பனா, தகப்பனுக்குப் பாஷி என்று தலைப்பிள்ளையின் பெயரைச் சேர்த்து "பனா முதாலே வீடு", "பாஷி முதாலே வீடு" என்றார்கள். அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். கபூம்பா குடியிருப்பில் மட்டும் நாற்பத்தொரு பனா முதாலே. கணினிக்கு முதாலே என்ற பிள்ளையும் தெரியாது, அவனைப் பெற்ற அம்மாவும் தெரியாது. எல்லோரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. மேலாளர் பா முகுகா திரையைப் பார்த்து அசந்துபோய்விட்டார்.

"யாரும்மா இந்த முதாலே அம்மா? நாப்பத்தியோரு வீடு வச்சிருக்கா! சுரங்கத்துக்கே சொந்தக்காரியா இருப்பா போலிருக்கே!"

"ஐயா, அதுல ஒருத்தி உங்க மச்சினிச்சி. ஒத்தை ரூம்ல இருக்கா" என்றேன்.

அதன் விளைவுதான் தீர்மானம். படிவத்தின் நான்காம் கட்டத்தில் பனா என்றோ பாஷி என்றோ தொடங்கும் பெயர் இனிச் செல்லாது. கூட்டம் முடிந்ததும் பா முகுகா நேரே என் மேசைக்கு வந்தார். "பனா லுபுதோ, அந்தத் தீர்மானத்த சாப்பாட்டுக்கு முன்னாடி டைப் பண்ணிக் குடுத்துடுங்க" என்றார்.

நம் வீட்டுப் படிவத்தை நானே நிரப்ப வேண்டும். நான்காம் கட்டத்தில் லெங்வே முவாபா என்று உங்கள் பெயரை எழுதிவிட்டேன். யாரோ வேற்று ஆள் பெயர்போல் இருக்கிறது. ஏழாம் கட்டத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். "இந்த வீட்டில் வழக்கமாக உறங்குபவர்கள் எத்தனை பேர்?" ஆறு மாத வேலை என்று ஏரிக்குப் போனீர்கள். இந்த மாதத்தோடு இரண்டு வருடம். என்ன எழுதட்டும்?

சனிக்கிழமை கல்லறைக்குப் போய்ப் புல் வெட்டிவிட்டு வந்தேன். லுபுதோவுக்கு இந்த மாதம் ஒன்பது வயது ஆகியிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பனா லுபுதோ

*

சிசெங்கே, ஏரிக்கரை,
6 மார்ச் 2008

கசூபாவுக்கு,

நலம். முதுகு வலி காலையில் மட்டும் உண்டு. நீ நலமென்று அறிந்து மகிழ்ச்சி.

உங்கள் தீர்மானம் சரியானது. ஒரு பெயர் ஓர் ஆளை மட்டுமே குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் தரவு கெட்டுவிடும். இங்கே எங்கள் திட்டத்தில் ஒவ்வொரு கிணற்றுக்கும் எண் கொடுத்திருக்கிறோம். இதுவரை இருநூற்றுப் பதினாறு கிணறுகள். கையில் ஜிபிஎஸ் கருவியோடு அலைவதால் இந்த ஊரில் எனக்கு ஜிபிஎஸ் என்றே பெயர். வேறு பெயர் யாருக்கும் தெரியாது. வசதியாக இருக்கிறது.

வீட்டுக்காரி பா மொனிகா உன்னை விசாரித்தாள். மூன்று படகு வைத்திருப்பவள். வாய்க்கு நான்காவது படகு வேண்டும். நேற்று மீன் காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏன் ஜிபிஎஸ், ஊர்ல இருக்குற கிணறெல்லாம் எங்கெங்க இருக்குன்னு டப்பாவப் பாத்துச் சொல்றீங்க. உங்க பொண்டாட்டி எங்க இருக்காங்க?"

"தெற்கே பன்னிரண்டு டிகிரி நாற்பது நிமிடம், கிழக்கே இருபத்தெட்டு டிகிரி" என்றேன்.

"அடேயப்பா! எவ்வளவு கரெக்டாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க! அப்புறம் வழி மட்டும் ஏன் தெரியல?"

அவளுடைய கிணற்றில் தண்ணீர் மட்டம் பார்க்கப் போய்விட்டேன்.

ஏழாம் கட்டத்தை விதிப்படி நிரப்பு. கடந்த ஆறு மாதங்களில் நான்கு மாதமாவது அந்த வீட்டில் உறங்கியவரைத்தான் சேர்க்க வேண்டும் என்பது பொது விதி. உங்கள் படிவத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

பேருந்து ஓட்டும் பா மும்பியிடம் கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறேன். இவ்விடம் தொலைபேசிக் கோபுரம் இன்னும் வரவில்லை. கறையான் புற்றின் மேல் ஏறி நின்றால் ஒரு கோடு கிடைக்கிறது என்கிறார்கள். புற்றின் மேல் எப்போதும் கூட்டம். எனவே கடிதமே நல்லது.

லெங்வே

*

முசோம்போ,
20 மார்ச் 2008

பாஷி லுபுதோவுக்கு,

நலம். உங்கள் முதுகு மத்தியானத்திலும் வலிக்காமல் இருக்க வேண்டுகிறேன். கருவாடு வந்தது. பேருந்து முழுவதும் மணத்தது என்று பா மும்பி பெருமையாகச் சொன்னார். தக்காளி போட்டுக் குழம்பு வைத்தேன். சோளக் களி இருவருக்கு அளந்துவிட்டேன், கைப்பழக்கம். மிச்சத்தை மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன்.

படிவத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். நீங்கள் சொன்னபடியே அச்சிட்டிருக்கிறது. ஆனால் நான் விண்ணப்பதாரர். நானே என் வீட்டைத் தீர்மானிக்கக் கூடாது. எனவே பா முகுகாவிடம் கேட்டேன். அவர் நம் வீட்டைத் தாண்டித்தான் தினமும் ஆபீசுக்கு வருகிறார்.

"இதுல என்ன சந்தேகம்? வாசல்ல அவரோட ரப்பர் பூட்ஸ் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"ஆம்பளை பூட்ஸ் வாசல்ல இருந்தா ஆம்பளை வீட்டுல இருக்கான்னு அர்த்தம். திருடனே அப்படித்தான் கணக்குப் பண்றான். அவனுக்குத் தெரியாத ரூலா நமக்குத் தெரியப்போகுது? ரெண்டுன்னு போடுங்க, பனா லுபுதோ."

இரண்டு என்று போட்டேன். மேலாளரின் வாய்மொழி உத்தரவு என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

மழை ஓய்ந்துகொண்டிருக்கிறது. கொல்லையில் நீங்கள் நட்ட கொய்யா அப்படியே இருக்கிறது. எல்லார் வீட்டிலும் காய்த்துத் தீர்ந்துவிட்டது. நம்முடையதில் பூ வருகிறது, ஒரு பிஞ்சு கூட நிற்பதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பனா லுபுதோ

*

சிசெங்கே,
29 ஏப்ரல் 2008

கசூபாவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்குச் சாலையில் ஏறிய வெள்ளம் காரணம். வெள்ளம் பதினோரு நாள் இருந்தது. மீதி நாட்களுக்குக் காரணம் சொல்ல இயலவில்லை.

பா முகுகாவின் உத்தரவு விதிக்கு முரணானது. ஆனால் மேலாளர் என்ற முறையில் அவருக்கு அதிகாரம் உண்டு. பூட்ஸ் நெடுநாள் சும்மா இருந்தால் எலி கூடு கட்டும். தட்டிப் பார்.

கொய்யா பற்றி முன்பே நூறு முறை சொல்லியிருக்கிறேன். நம் கொல்லையில் மேலே ஒன்றரை அடி செம்மண், கீழே சரளை. ஊற்றிய தண்ணீர் நிற்காது. அந்த மரம் ஒருபோதும் காய்க்காது. நட்டது என் தவறு. வெட்டிவிட்டால் துணி காயப்போட இடம் கிடைக்கும்.

இருநூற்று நாற்பது கிணறுகள் முடிந்துவிட்டன.

லெங்வே

*

முசோம்போ,
19 மே 2008

பாஷி லுபுதோவுக்கு,

நலம். குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் சாம்பல் நிற ஸ்வெட்டர் இங்கேதான் இருக்கிறது. அங்கே குளிருமா என்று எழுதுங்கள். கொடுத்தனுப்புகிறேன், அல்லது இங்கேயே வைத்திருக்கிறேன்.

இந்த மாதம் வரைபடம் முதல் முறையாக முழுதாக ஓடியது. ஒரு வீட்டில் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்று பார்த்து, ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்பது லிட்டர் என்று கணினி கணக்குப் போடுகிறது. மீட்டர் அந்தக் கணக்கை ஒட்டி இருந்தால் வீடு பச்சை. மிகக் குறைந்தால் சிவப்பு. சிவப்பு என்றால் மீட்டரில் கோளாறு, அல்லது வீட்டுக்காரர் மீட்டருக்கு முன்னாலேயே குழாயை வெட்டித் தண்ணீர் திருடுகிறார். பா முகுகா, அவருக்குப் பின்னால் காசாளர், அவருக்குப் பின்னால் தேநீர் கொடுக்கும் அம்மாள் என்று எல்லோரும் என் திரைமுன் கூடினார்கள்.

"அய்யய்யோ பனா லுபுதோ! உங்க வீடு சிவப்பா எரியுது!"

"மேப் செக்ஷன் வீட்டுலயே தண்ணித் திருட்டா? பேப்பர்ல போட்டுடுவான்" என்றார் காசாளர்.

மீட்டர் பார்ப்பவர் வந்து கழற்றி, ஒரு வாளி தண்ணீர் அளந்து ஊற்றிச் சோதித்தார். மீட்டர் துல்லியமாக இருந்தது. ஏப்ரல் மாதத்துக்கு இரண்டேகால் கன மீட்டர் சொச்சம். படிவத்தின்படி வர வேண்டியது ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு. பா முகுகா என்னைத் தனியாக அழைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"மீட்டர் சரி. அப்போ ஒண்ணு, தண்ணி தப்பு. இல்லாட்டி ஏழாம் கட்டம் தப்பு. ரெண்டுல எதையாவது ஒண்ணத் திருத்திடுங்கம்மா. எதுன்னு நான் கேக்க மாட்டேன்."

திருத்திவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. சந்தையில் இருபது லிட்டர் வாளி ஒன்று புதிதாக வாங்கினேன். நீல நிறம்.

பனா லுபுதோ

*

சிசெங்கே,
17 ஜூன் 2008

கசூபாவுக்கு,

நலம். இங்கே குளிர் அவ்வளவு இல்லை. ஸ்வெட்டர் அங்கேயே இருக்கட்டும்.

இரண்டில் எதைத் திருத்தினாய் என்று எழுதவில்லை. வாளி எதற்கு என்றும் எழுதவில்லை. வீட்டில் குழாய் இருக்கும்போது வாளிக்கு அவசியமில்லை. எங்கள் திட்டத்திலும் உங்கள் முறையையே பின்பற்றலாம் என்று இருக்கிறோம். மாதிரிக்குக் கபூம்பா குடியிருப்பின் வரைபடத்தை ஒரு தாளில் அச்சிட்டு, வீடுவாரி மீட்டர் அளவுகளோடு அனுப்பு. ஜூன் மாத அளவானால் நல்லது.

ஒரு செய்தி. போன வெள்ளிக்கிழமை மீன் இறங்கும் துறையில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து யாரோ "பாஷி லுபுதோ! ஏ பாஷி லுபுதோ!" என்று கத்தினார்கள். யோசிக்கும் முன்பே திரும்பிவிட்டேன். கையிலிருந்த கருவி தண்ணீரில் விழுந்துவிட்டது. கூப்பிட்டவன் நம் ஊர் ரொட்டிக்கடைக்காரன், மீன் வாங்க வந்தவன். "நீங்கதானா! இங்க மீன் என்ன விலை?" என்றான். சொன்னேன். போய்விட்டான். அவ்வளவுதான்.

பா மொனிகா பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு லுபுதோ?" என்று கேட்டாள். "மகன்" என்றேன். "பெரியவனா?" என்றாள். "நாலு வயசு. அஞ்சு வருஷமா அதே வயசுதான்" என்றேன். அன்றைக்கு முழுவதும் அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நம் ஊரில் அந்தப் பெயரை ஒரு நாளைக்கு எத்தனை முறை கூப்பிடுவார்கள் என்று நான் ஒரு காலத்தில் எண்ணிப் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து அலுவலகம் போவதற்குள் பதினான்கு. நீ எப்படி நடந்து போகிறாய் என்று நான் கேட்டதில்லை.

கருவியைக் காயவைத்தோம். வேலை செய்கிறது. எல்லாக் கிணறுகளையும் நானூறு மீட்டர் மேற்கே காட்டுகிறது.

மற்றொன்று. திட்டத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கிறார்கள். என்னையே தொடரச் சொல்கிறார்கள். ஆகஸ்ட் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இது பற்றி உன் கருத்தை எழுது.

லெங்வே

*

முசோம்போ,
8 ஜூலை 2008

திரு லெங்வே முவாபா அவர்களுக்கு,

நலம். நலமறிய அவா.

நீட்டிப்புக்கு வாழ்த்துகள். என் கருத்தைக் கேட்டிருந்தீர்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மேலே உங்கள் பெயரைத் தீர்மானத்தின்படி எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வசதியாக இருக்கும். என்னைப் பொறுத்தவரை, அலுவலகம் போவதற்குள் பதினேழு முறை. புதிதாக மூன்று குடும்பங்கள் குடிவந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் "இதோ" என்று குரல் கொடுக்கிறேன். ஒரு நாள் பதினாறுதான் வந்தது. யார் கூப்பிடாமல் விட்டார்கள் என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தேன்.

கேட்ட வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜூன் மாத அளவுகள் ஓரத்தில் உள்ளன.

கொய்யா காய்த்திருக்கிறது. ஆறு பழம் பா மும்பியிடம் கொடுத்திருக்கிறேன். நீல வாளியின் கைப்பிடி போய்விட்டது. கம்பி கட்டியிருக்கிறேன்.

கசூபா

*

சிசெங்கே,
20 ஆகஸ்ட் 2008

பனா லுபுதோவுக்கு,

நலம். நீ நலமா? கை வலிக்கிறதா?

நான்கு பழங்கள் வந்தன. இரண்டு வழியில் அழுகிவிட்டதாகப் பா மும்பி சொல்கிறார். அவர் வாயில் விதை ஒட்டியிருந்தது. ஒன்றை பா மொனிகாவுக்குக் கொடுத்தேன். கடித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏன் ஜிபிஎஸ், இது எந்த ஊர்க் கொய்யா?"

"என் வீட்டு மரம்."

"மழை விட்டு மூணு மாசமாச்சு. இந்த வறட்சியில கொய்யா எங்க பழுக்கும்? யாரோ தெனம் தண்ணி சுமந்து ஊத்தியிருக்காங்க."

"அந்த மண்ணில் தண்ணீர் நிற்காது."

"நிக்கலேன்னா மறுநாளும் ஊத்தணும். இது கூடத் தெரியாமயா இத்தனை கிணத்தை எண்ணுனீங்க?"

வரைபடத்தை ஆறு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனை எண் 117, பச்சை. உறங்குபவர்கள் இரண்டு. ஜூன் மாத அளவு நான்கு புள்ளி ஏழு கன மீட்டர். நீ மே மாதக் கடிதத்தில் எழுதிய ஏப்ரல் அளவோடு ஒப்பிட்டேன். ஒரு மாதத்துக்கு இரண்டாயிரத்து நானூறு லிட்டர் கூடியிருக்கிறது. ஒரு நாளைக்கு எண்பது. இருபது லிட்டர் வாளியில் நான்கு நடை. உங்கள் கணினியின் கணக்கில் எண்பது லிட்டர் என்பது ஓர் ஆள். நான் மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். அந்த எண்பதும் என்னுடையது.

இதை வேறு விதமாகவும் விளக்கலாம். வீட்டில் கசிவு இருக்கலாம். கசிவு என்றால் உடனே பார்க்க வேண்டும். விட்டால் அடித்தளம் கெட்டுவிடும். மீட்டரிலிருந்து கொல்லைக் குழாய் வரை ஒவ்வொரு மூட்டையும் நானே பார்க்க விரும்புகிறேன். செப்டம்பர் முதல் தேதி பேருந்தில் வருகிறேன். ஸ்பானர், வாஷர், நூல்கண்டு எல்லாம் எடுத்து வருகிறேன்.

ஒப்பந்தத் தாள் மேசைமேல் இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரு பேனா. அது இந்தக் கடிதத்துக்குத் தேவைப்பட்டது.

கிளம்பும் முன்பே உன்னிடம் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அலுவலக வழியிலேயே பதினேழு முறை கூப்பிடுகிறார்கள் என்கிறாய், நிறுத்தத்திலிருந்து நம் வீடு வரை எத்தனை பேரோ. நான் எல்லோருக்கும் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லி வர நேரமாகலாம். சாப்பாட்டுக்குக் காத்திருக்காதே.

பாஷி லுபுதோ

*

முசோம்போ,
27 ஆகஸ்ட் 2008

பாஷி லுபுதோவுக்கு,

நலம். கை வலிக்கவில்லை. வலது தோள் மட்டும் கொஞ்சம்.

கசிவு இருக்கலாம். பெரிதாகவே இருக்கலாம். ஒரு நாளில் கண்டுபிடிக்க முடியாது என்று நினைக்கிறேன். பா முகுகாவிடம் சொன்னேன். "கசிவப் பாக்க ஏரியிலேர்ந்து ஆளா? இங்க எட்டுப் பிளம்பர் சும்மா சீட்டாடுறான்!" என்று ஆரம்பித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா ஆமா, அது ஸ்பெஷலிஸ்ட் வேலை" என்றார்.

பூட்ஸைத் தட்டிப் பார்த்தேன். எலி இல்லை. நிறுத்தத்துக்கு நான் வர மாட்டேன். வந்தால் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள், என்னைத்தான் கூப்பிடுவார்கள். தனியாகவே நடந்து வாருங்கள்.

காத்திருப்பேன். களி ஆறினால் சுடவைத்துக்கொள்ளலாம்.

பனா லுபுதோ

*

முசோம்போ,
13 அக்டோபர் 2008

மதிப்பிற்குரிய பா மொனிகாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் படகுகளும் நலமா? வெயில் ஏறிவிட்டது, மீன் கரைக்கு வராமல் ஆழத்துக்குப் போய்விடும், நீங்களும் சீக்கிரம் கோபப்படுவீர்கள் என்று நினைவு வருகிறது.

உங்கள் கடிதத்தைப் பா மும்பி கொடுத்தார். நான் விட்டுவந்த பாயையும் ரேடியோவையும் கேட்டிருந்தீர்கள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோவின் பின்மூடியை ஒரு தட்டுத் தட்டினால் பாடும். திட்டத்துக்கு வேறு ஆளை அனுப்பியிருப்பதாக அறிந்தேன். என் கருவியைக் கொடுத்திருந்தால், எல்லாக் கிணறுகளும் நானூறு மீட்டர் மேற்கே தெரியும் என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கிணற்றை ஏரிக்குள் தேடுவார்.

"வழி தெரிந்ததா?" என்று எழுதியிருந்தீர்கள். தெரிந்தது. நிறுத்தத்திலிருந்து வீடு ஒன்பது நிமிட நடை. எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பத்தொன்பது பேர். ரொட்டிக்கடைக்காரன் இரண்டு முறை கூப்பிட்டான்; மீன் கொண்டுவந்தேனா என்று கேட்டான். பத்தாவது ஆள் கூப்பிட்டதும் நடை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவர் தண்ணீர் கொடுத்தார். அங்கிருந்து கிளம்பிய பிறகு பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் கல்லறைக்குப் போய்வந்தோம்.

கசிவை மூன்று நாள் தேடினேன். மீட்டர், மூட்டுகள், சமையலறை, குளியலறை, கொல்லைக் குழாய் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கசிவு எங்கும் இல்லை. வேலை முடிந்ததா என்று பா முகுகா கேட்கிறார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் என்னை வால்வுப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்.

செப்டம்பர் மாத மீட்டர் அளவு நான்கு புள்ளி ஏழு கன மீட்டர். ஜூனிலும் அதே அளவுதான். வரைபடத்தில் எங்கள் வீடு முன்பு போலவே பச்சையாக இருக்கிறது. கணினி எந்த மாற்றத்தையும் காட்டவில்லை.

என் மனைவி உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள். உடல்நலம் பேணுங்கள்.

பாஷி லுபுதோ
(நீங்கள் ஜிபிஎஸ் என்று அழைத்தவன்)

பின்குறிப்பு: கொய்யாப் பழம் கேட்டிருந்தீர்கள். அனுப்ப இயலாது. தண்ணீர் சுமந்த வாளி இப்போது நான் குளிக்கும் இடத்தில் இருக்கிறது. மரம் இலையெல்லாம் உதிர்ந்து காய்ந்து நிற்கிறது.